தூத்துக்குடி டீம் எங்கே போச்சு?



நம்ம வகுப்பில் டி.என்.பி.எல். பேச்சு வந்தாலே சண்டைதான். பாதிப் பேர் நெல்லை, பாதிப் பேர் மதுரை. தூத்துக்குடி பெயரில் ஒரு அணி இருந்ததே பல பேருக்குத் தெரியலை!

2016-ல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வாங்கியதே நம்ம டூட்டி பேட்ரியாட்ஸ்தான். ஃபைனலில் சேப்பாக்கத்தை வீழ்த்தினார்கள். வாஷிங்டன் சுந்தர்கூட இந்த அணியில் ஆடியவர். ஆனா 2021-ல் அதே அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகி களத்தில் இறங்கியது. காரைக்குடி அணி திருப்பூர் போச்சு, காஞ்சி அணி நெல்லைக்கு வந்தது. (2025-ல் திருப்பூர் சாம்பியன். காரைக்குடிக்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!)

சேலத்து மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்களுக்கு வாழப்பாடியில் மைதானம் இருக்கு, 2022-ல் மேட்சும் நடந்தது. நம்ம பெயரில் ஆடிய அணியோ நம்ம ஊரில் ஒரு மேட்ச்கூட ஆடலை. பார்க்கணும்னா திருநெல்வேலி சங்கர் நகருக்குத்தான் போகணும்.

நம்ம மாவட்டத்துக் கோவில்பட்டியைப் பாருங்க. ஹாக்கிக்குச் செயற்கைப் புல் மைதானம் இருக்கு. 2022-ல் தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டி அங்கேதான் நடந்தது. அந்த ஊர் மாரீஸ்வரன் இந்தியாவுக்கே ஆடினார். பேரை மாத்தி அந்த மைதானத்தை யாராவது சேலத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?

முதல்ல டி.என்.பி.எல். நடத்துற மாதிரி ஒரு மைதானம் தூத்துக்குடிக்கு வரட்டும். டீம் வாங்குறதை அப்புறம் பேசலாம். அடுத்து கோவில்பட்டியில் ஹாக்கி மேட்ச் நடக்கும்போது நான் பஸ் ஏறப் போறேன். வர்றவங்க பி.டி. சாரிடம் பெயர் கொடுங்க!