கடைமடைக்கு வராத டிஃபால்ட்

மேட்டூர் அணையில் மதகைத் திறந்தால் மறுநாள் பேப்பரில் போட்டோ வந்துவிடும். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயி கேட்கிற கேள்வி வேறு. "கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?" ஜூன் 12-ல் திறந்தார்களா, எத்தனை ஆயிரம் கன அடி விட்டார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாய்க்காலின் கடைசி வயல் நனைந்தால்தான் அது பாசனம்.

கம்ப்யூட்டர் மொழிகளையும் கம்பைலர்களையும் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்.

டிஃபால்ட் என்றால் என்ன? எதையும் மாற்றாமல் விட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்கிற அமைப்பு. அனுபவசாலிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் மாற்றிக்கொள்வார். மாற்றத் தெரியாதவர், மாற்றலாம் என்பதே தெரியாதவர் ஒருவர்தான்: முதல் புரோகிராமை இன்றைக்கு அடிக்கிற மாணவர். அப்படியானால் டிஃபால்ட் யாருக்காக இருக்க வேண்டும்? அவருக்காகத்தானே! நடப்பதோ தலைகீழ்.

முதலில் டர்போ சி++. போர்லாண்ட் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் டாஸுக்காகச் செய்தது. சி++ மொழிக்கு ஐஎஸ்ஓ தரநிலை வந்ததே 1998-ல்தான். அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் அந்த நீலத்திரை பல வருடம் நீடித்தது. 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்று ஆனபோது, டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டினார்கள். ஏன்? "பசங்களுக்கு ஈஸி, கன்ட்ரோல் எஃப்9 அடிச்சா ஓடும்" என்பதுதான் பதில்.

அந்த ஈஸியைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். நெல் 40 மூட்டை, மூட்டைக்கு 1,000 ரூபாய். இரண்டு எண்களையும் 'இன்ட்' என்று அறிவித்துப் பெருக்கினால் 40,000 வர வேண்டும். டர்போ சி++ கொடுப்பது மைனஸ் 25,536! காரணம், அதில் இன்ட் என்பது 16 பிட், உச்சவரம்பு 32,767. அதைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நெல் விற்றவர் கடன்காரர் ஆகிவிட்டார், அவ்வளவுதான்.

சரி, அது பழைய கதை. 2018-ல் வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூல் டெவ் சி++ பக்கம் போனது. அதற்குள் இருப்பது ஜிசிசி கம்பைலர். அதில் இன்ட் 32 பிட், எனவே 40 மூட்டைக் கணக்கு சரியாக வரும். ஆனால் அதன் டிஃபால்ட் என்ன? மௌனம். மார்க் 35-க்குச் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். அவசரத்தில் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? வகுப்பில் எல்லோருடைய மார்க்கும் 35 ஆகிவிடும், நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும். ஜிசிசிக்கு இந்தத் தவறைக் கண்டுபிடிக்கத் தெரியும். 'டபிள்யூ-ஆல்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் சொல்லும், கொடுக்காவிட்டால் வாயைத் திறக்காது. போட்டிக் கம்பைலரான கிளாங் இதைக் கேட்காமலேயே சொல்கிறது. ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை.

அடுத்தது பைத்தான். 2019-ல் பிளஸ் டூவுக்கு அது வந்தது நல்ல முடிவு. எண் எவ்வளவு பெரிதானாலும் சுற்றிக்கொள்ளாது, பட்டியலின் எல்லையைத் தாண்டினால் எந்த வரி என்று சொல்லி நிற்கும். ஆனால் விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது, 'பாத்'தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் பல வருடங்களாக டிக் செய்யப்படாமலே வந்தது. ஒரே கணினியில் பல பதிப்புகள் வைத்திருப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாதாம். பிளஸ் டூ மாணவர் எத்தனை பதிப்பு வைத்திருப்பார்? அதே பாடநூலில் சி++ புரோகிராமைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடமும் உண்டு. பைத்தானோடு மின்ஜிடபிள்யூ கம்பைலரையும் பாத்தில் காட்ட வேண்டும். புரோகிராமில் பிழையே இல்லாமல், பாத் சரியில்லாமல் அந்தப் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது டேலியைப் பாருங்கள். பற்றும் வரவும் சமமாகாத வவுச்சரை அது சேமிக்கவே விடாது. முப்பது வருட ஆடிட்டருக்கும் இதே விதிதான். இதனால் ஆடிட்டரின் திறமை எங்கும் குறைந்துவிடவில்லை. கணக்குப்பிள்ளைக்குக் கிடைக்கிற இந்த மரியாதை புரோகிராமருக்கு ஏன் கிடையாது?

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. ஒன்று, சோதனைகள் வேகத்தைக் குறைக்கும். உண்மைதான். ரஸ்ட் மொழி இதற்கு வழி காட்டியிருக்கிறது. அதில் சாதாரணமாக பில்ட் செய்தால் எண் வரம்பு தாண்டியதும் புரோகிராம் நின்றுவிடும். முழு வேகம் வேண்டுமென்றால் 'ரிலீஸ்' என்று கேட்க வேண்டும். வேகம் தேவைப்படுகிறவருக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருக்கும். இரண்டு, பழைய புரோகிராம்கள் உடையும். எச்சரிக்கை என்பது தடை அல்லவே! எச்சரிக்கை வந்தாலே பில்டை நிறுத்து என்று அமைத்தவர் ஏற்கெனவே ஆப்ஷன்கள் தெரிந்தவர். மூன்று, கஷ்டப்பட்டால்தான் கற்றுக்கொள்வார்கள். எந்தக் கஷ்டம்? லூப்பின் தர்க்கத்தோடு மல்லுக்கட்டுவது படிப்பு. பாத்தைத் தேடி அலைவதும் காரணம் தெரியாத மைனஸ் 25,536-ஐ முறைத்துப் பார்ப்பதும் படிப்பல்ல, வெறும் அலைச்சல்.

இன்னொரு ஏமாற்றையும் சொல்ல வேண்டும். தொடங்க ஈஸியாக இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. டர்போ சி++ தொடங்க ஈஸிதான், ஆனால் பொய்க் கணக்கைச் சிரித்துக்கொண்டே கொடுத்தது. தொடங்க எளிது, தவறினால் உடனே சொல்லும் என்ற இரண்டும் சேர்ந்ததுதான் புதியவருக்கு ஏற்ற டிஃபால்ட்.

நாற்றங்காலில் விதை விட்டு, தண்ணீரை அளந்து வைத்து, வளர்ந்த பிறகே பறித்து நடுகிறார்கள். நாற்றுக்குச் செல்லம் கொடுக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. நேரடி விதைப்பும் உண்டுதான். ஆனால் அது மண்ணும் மழையும் அறிந்தவர் தெரிந்தே எடுக்கும் முடிவு.

கருவி செய்கிறவர்கள் மாறும்வரை இங்கே காத்திருக்க வேண்டியதும் இல்லை. பாடநூலின் முதல் பாடத்திலேயே எச்சரிக்கைகளை இயக்கும் ஆப்ஷனோடு கட்டளையை அச்சிடலாம். லேப் கணினிகளில் அதை ஒரு முறை அமைத்து வைக்கலாம். பாத்தை மாணவர் வருவதற்கு முன்பே சரிசெய்து வைக்கலாம். ஆசிரியருக்கு ஒரு மத்தியான வேலை, அவ்வளவுதான்.

தலைமடைக்காரருக்கு மடையைத் திறந்துகொள்ளத் தெரியும். முறை வைத்து விடுவது கடைமடைக்காக!