உருகுவது எலும்பு அல்ல

தாராவியில் மாடிப்படி என்றால் பெரும்பாலும் ஓர் இரும்பு ஏணிதான். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு பட்டறை. ஏணி கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கும். 90 அடி ரோட்டின் பின்சந்து ஒன்றில் அப்படிப்பட்ட ஏணியின் அடியில் உட்கார்ந்திருந்தார் ஒரு தையல்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வயது 40 இருக்கும். காசநோய்க்கான 6 மாத மருந்தை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டு முடித்தவர். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. குணமாகிவிட்டது என்று எழுதியும் கொடுத்தாகிவிட்டது.

"கிருமி போயிட்டுன்னு சொல்லிட்டாங்க, அண்ணாச்சி. ஆனா இதுல நாலு படி ஏறுனா தொடை வெடவெடங்குது. ஏற முடியலன்னா மெஷின்ல எப்படிப் போய் உக்கார?" என்றார்.

மூச்சு வாங்குவதில்லை என்கிறார். வாங்கினால் நுரையீரலில் விழுந்த தழும்பைச் சந்தேகிக்கலாம். இவருக்குத் தகராறு தொடையில்.

தமிழில் இந்த நோய்க்கு எலும்புருக்கி என்று ஒரு பெயர் உண்டு. நம் தாத்தா பாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொன்ன பெயர். க்ஷயம் என்றாலும் தேய்வுதான். பெயர் வைத்தவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள்: ஆள் உருகிப்போகிறான், எலும்பு துருத்துகிறது. ஆனால் உருகியது எலும்பு அல்ல. எலும்பு வெளியே தெரிவதற்குக் காரணமே அதை மூடியிருந்த தசை போய்விட்டதுதான். எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வந்தபின் நாம் கிருமியைத் தேடப் பழகிக்கொண்டோம். தொலைந்த தசையைத் தேட மறந்துவிட்டோம்.

தசை எல்லாம் ஒரே ரகம் அல்ல. கோழிக்கறி வெட்டுகிறவரைக் கேட்டால் சொல்வார். கால்கறி சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. நாள் முழுக்க நடந்து குப்பையைக் கிளறும் காலுக்கு ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் வேண்டும். எப்போதாவது படபடவென்று சுவரேறும் சிறகுகளுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஓயாமல் நீந்தும் சூரை மீனின் சதை சிவந்திருப்பதும் இதனால்தான்.

மனிதனிடம் இரண்டு வகை இழைகளும் ஒரே தசையில் கலந்து கிடக்கின்றன. மெதுவாகச் சுருங்கும் இழை சுலபத்தில் களைக்காது. லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பது கெண்டைக்காலில் உள்ள அந்த வகைதான். வேகமாகச் சுருங்கும் இழைக்குப் பலம் அதிகம், சீக்கிரம் களைத்துவிடும். ஓடுகிற ரயிலைப் பிடிப்பது, மூட்டையைத் தூக்குவது, உட்கார்ந்த இடத்திலிருந்து விருட்டென்று எழுவது, ஏணி ஏறுவது எல்லாம் அதன் கணக்கில் வரும்.

எந்த இழை எந்த வகை என்பதில் நரம்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1960-இல் ஜான் எக்கிள்ஸும் அவருடைய சகாக்களும் பூனைக்குட்டிகளில் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும் மெதுத் தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, மாற்றி இணைத்துப் பார்த்தார்கள். மெதுத் தசை வேகமாகவும், வேகத் தசை மெதுவாகவும் சுருங்கத் தொடங்கியது. தசை என்பது பிறவியில் வார்த்த அச்சு அல்ல. என்ன வேலை வருகிறதோ அதற்குத் தக்கபடி ஓரளவு மாறுகிறது. வேலையே வராவிட்டால் குறைகிறது.

குறைவதிலும் இரண்டு வழிகள் உண்டு. படுத்தே கிடந்தால் உடம்பைத் தாங்கி நிற்கும் தசைகள் முதலில் மெலிகின்றன, குறிப்பாக அவற்றின் மெது இழைகள். விண்வெளிக்குப் போனவர்களுக்கு நேர்வதும் அதுவே. நெதர்லாந்தில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரே ஒரு வாரம் படுக்கையில் கிடந்ததில் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் சராசரி 1.4 கிலோ இழந்தார்கள்.

பட்டினியும் நீண்ட நோயும் வேறு வழியில் வருகின்றன. அவை அதிகம் தின்பது வேக இழைகளை. முதுமையும் அப்படித்தான். மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் தினமும் காலையில் நடக்கும் பெரியவர் நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுவது இதனால்தான். நடை அவருடைய மெது இழைகளைக் காப்பாற்றியது. வேக இழைகளுக்கு நடை மட்டும் போதாது.

காசநோயாளிக்கு இரண்டு வழிகளிலும் நஷ்டம். காய்ச்சலும் பசியின்மையும் ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம். கிருமியோடு போராட உடம்புக்குப் புரதம் தேவைப்படுகிறது. சாப்பாட்டில் வராதபோது தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. வீட்டு விட்டத்தைப் பிடுங்கி அடுப்பெரிப்பது போல. காசக்கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் ஒரு பொருளுக்கு இன்று டி.என்.எஃப். என்று பெயர். 1985 வாக்கில் அதை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர் 'கேசெக்டின்', அதாவது உடலை நலிவிப்பது. காப்பாற்றுவதும் உருக்குவதும் ஒரே பொருள்.

இங்கே சென்னையின் கதை ஒன்று குறுக்கிடுகிறது. ஒரு காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. படுக்கைக்கு ஏழைகள் எங்கே போவது? 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதைச் சோதித்தது. ஒரே மருந்து. பாதிப் பேருக்கு சானடோரியத்தில், பாதிப் பேருக்கு நெரிசலான சொந்த வீட்டில். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் ஓராண்டு முடிவில் பலன் ஏறக்குறைய சமமாக இருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே இந்த முடிவை ஏற்றது. நோயாளி கட்டிலிலிருந்து விடுதலையானார். தாராவித் தையல்காரர் வேலையும் வீடும் இழக்காமல் மருந்து சாப்பிட முடிந்தது அந்த ஆய்வின் புண்ணியத்தில்தான்.

ஆனால் அதே ஆய்விலிருந்து, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற முடிவையும் பலர் எடுத்துக்கொண்டார்கள். கிருமியை ஒழிப்பதைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஆள் எழுந்து நடப்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி திரும்பி வர நீண்ட காலம் ஆயிற்று. ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வில் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கொடுத்தார்கள். சேரும்போது ஐந்தில் நான்கு பேர் மெலிந்திருந்தார்கள். 2023-இல் வெளியான முடிவு: முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் சாவு 61 சதவீதம் குறைவு. வீட்டாருக்கும் உணவு கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவதும் 39 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி வந்த உடனேயே ஆபத்தை அளக்க எளிய சோதனைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, அவரால் பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கடைசியில் யாரோ காலைப் பார்த்தார்கள்.

மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்குத் தந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். மும்பையில் அதற்கு என்ன கிடைக்கும் என்று வாசகர்களே கணக்குப் போடலாம். காசநோயாளிக்குத் தேவை, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். தாராவியில் மதியச் சாப்பாடாகும் வடாபாவில் வயிறு நிறையும், தசை நிறையாது.

தராசும் ஏமாற்றும். லண்டனில் காசநோயாளிகளை 6 மாதம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. ஏறிய எடை கொழுப்பாகத்தான் ஏறியிருந்தது, புரதமாக அல்ல. கன்னம் உப்பும், தொடை உப்பாது. சாப்பாட்டோடு வேலையும் கொடுத்தால்தான் தசை திரும்பும். வேலை என்றால் மூட்டை சுமப்பது அல்ல. காய்ச்சல் நின்றபின், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஸ்டூலிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதலில் 5 தடவை, பிறகு 10. ஏணியில் ஒரு படி ஏறி இறங்குவது, வாரத்துக்கு ஒரு படி கூட்டுவது. தசை இழைகளின் ஓரத்தில் உறங்கும் துணைச் செல்கள் இழுவிசை பட்டால் விழித்துக்கொண்டு இழையைச் செப்பனிடும். சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும்.

செம்பூரில் புரதப் பொடி டப்பாக்கள் அடுக்கிய உடற்பயிற்சிக் கூடங்களில், இருக்கிற தசையைப் பெருக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். இழந்த தசையை மீட்கச் சொல்லித்தர தாராவித் தையல்காரருக்கு யாரும் இல்லை. மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, எழுந்து காட்டுங்கள் என்று கேட்டால் போதும். செலவு ஒரு ஸ்டூல்தான்.

விடைபெறும்போது அவர் ஏணியைப் பிடித்து ஒரு படி ஏறி நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார். "இப்படியா, அண்ணாச்சி?"

இப்படித்தான்.