செவிக்கும் கூலி வேண்டும்

செவி ஒலிகளை ஏந்திக்கொள்ளும் வெறும் பாத்திரம் அன்று. பயன் தரும் ஒலிக்கே மூளை கூடுதல் இடம் ஒதுக்குகிறது. மைக்கேல் மெர்செனிக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், எலிகள் ஒரு குறிப்பிட்ட ஒலியைக் கேட்கும்போதெல்லாம், டோபமைன் நரம்பணுக்கள் செறிந்த நடுமூளைப் பகுதி தூண்டப்பட்டது. விளைவாக, செவிப்புலப் புறணியில் அவ்வொலிக்குரிய பரப்பு விரிந்தது.

மழலையர் நிலை என்ன? பட்ரிசியா குல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், மாண்டரின் பேசுவோர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் 12 அமர்வுகள் நேரில் பேசி விளையாடினர். அக்குழந்தைகள் அம்மொழிக்குரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ பெற்ற குழந்தைகள் அதனைக் கற்கவில்லை.

எலிக்கு மின்தூண்டல் அளித்ததை மழலைக்கு மனித முகம் அளிக்கிறது எனக் கருத இடமுண்டு. எனவே, ‘ஆங்கிலம் தானே வந்துவிடும்’ என்று நம்பி, இந்திய நகரங்களில் தொட்டில் குழந்தையின் முன் கைபேசியை நிறுத்தி வைப்பது இருமுனை இழப்பு. ஆங்கிலமும் செவியில் தங்குவதில்லை. பாட்டியின் மராத்திக்கோ சந்தாலிக்கோ உரிய பொழுதும் கரைகிறது. மழலை ஒலியெழுப்பும்போது முகம் பார்த்து மறுமொழி தருவதே செவிக்குரிய கூலி. அதைத் தர வீட்டுமொழி ஒன்றே போதும்.