விடிந்தால் படுத்துக்கொள்ளும் வண்டி

ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி, விடிந்து பார்த்தால் தரையோடு படிந்து கிடக்கிறது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டியின் ஸ்பிரிங் ஷாக்கைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய ஏர் சஸ்பென்ஷனை மாட்டிக்கொண்டவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கம். சவுத் டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊரில் 1938இல் தொடங்கிய ஆகஸ்ட் மாத பைக் திருவிழாவில், தெருவோரம் இப்படிப் படுத்திருக்கும் வண்டிகளுக்குத் தனி மவுசு. அங்கே அது பட்டனை அமுக்கி இறக்கிய ஒய்யாரம். வீட்டுக் கொட்டகையில் தானாக இறங்கினால் அதற்குப் பெயர் கசிவு.

சீட்டுக்கு அடியிலோ பக்கப்பெட்டிக்குப் பின்னாலோ ஒரு குட்டி 12 வோல்ட் கம்ப்ரஸர். அங்கிருந்து பென்சில் பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் டியூப். ஸ்பிரிங் இருந்த இடத்தில் இரண்டு ரப்பர் பைகள். காற்றை அடைத்து வைக்கவும் திறந்துவிடவும் மின்சார வால்வு. மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான்.

வண்டி இறங்கியதும் சொந்தக்காரருடைய சந்தேகம் நேராகப் பையின் மேல் பாய்கிறது. இருப்பதிலேயே விலை கூடிய உருப்படி அதுதான் என்பதால் பயமும் அங்கேயே போகிறது. பை மடிப்பில் வெடித்துக் கசிவது உண்டு; ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியவை இணைப்புகள்.

அதற்கும் முன்னால் வானிலையைக் கழித்துவிட வேண்டும். மதியம் 35 டிகிரி, விடியற்காலை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பையில் இருக்கும் காற்று நூற்றுக்கு 8 பங்கு சுருங்கும். வண்டி லேசாகத் தாழும். தனியாக டேங்க் வைத்த ஏற்பாடென்றால், 100 பிஎஸ்ஐ காட்டிய மானி காலையில் 91 காட்டும். ஒரு துளி காற்றுகூட வெளியே போயிருக்காது. ஃபுட்போர்டு தரையைத் தொடுகிற அளவுக்கு வண்டி இறங்கியிருந்தால் குளிரைக் குறை சொல்ல முடியாது.

கசிவைப் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடும் நம்மூர் பஞ்சர் கடைக்காரரின் அதே வித்தை. இந்த ஏற்பாடு தாங்கும் உச்ச அழுத்தம்வரை காற்றேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஒரு நிமிடமாவது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பெரிய ஓட்டை சட்டென்று குமிழி விடும். ராத்திரியெல்லாம் உயிரை வாங்கும் சின்னக் கசிவோ ஃபிட்டிங்கின் கழுத்தோரம் மெல்ல வெள்ளை நுரை கட்டும். அவசரக்காரர்கள் அதற்குள் அடுத்த இணைப்புக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டியூபை அப்படியே செருகினால் பிடித்துக்கொள்ளும் வகை ஃபிட்டிங். உள்ளே டியூபைக் கவ்வும் பல் வளையம் ஒன்று, அதைத் தாண்டி ஓ-ரிங் ஒன்று. செருகும்போது ஓ-ரிங்கில் தட்டி நிற்கும். முடிந்தது என்று பலர் அதோடு விட்டுவிடுவார்கள். இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால்தான் டியூப் அடிவரை போய் உட்காரும். டியூபைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தால் முனை நசுங்கி முட்டை வடிவமாகியிருக்கும். வட்டமான ஓ-ரிங் அதை எப்படி அணைக்கும்? முன்பு கழற்றி மாட்டியபோது பற்கள் நீளவாக்கில் கீறிய கோடு போதும், காற்றுக்கு அதுவே ராஜபாட்டை. பிளேடு கட்டரால் முனையில் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மறுபடி செருகினால் பல நேரம் கதை முடிந்தது. டியூப் ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்ததுமே வளைந்தாலும் ஓ-ரிங் ஒருபக்கம் இழுபட்டுக் கசியும்.

வால்வில் கசிவென்றால் சோதனை இன்னும் சுலபம். காற்று வெளியேறும் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட வேண்டும். யாரும் பட்டனைத் தொடாமலே குமிழி வந்தால் வால்வு சரியாக மூடவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே டெஃப்லான் டேப்பின் துணுக்கு மாட்டியிருக்கலாம். கசியக் கூடாதென்று மரையில் தாராளமாகச் சுற்றியது பிய்ந்து உள்ளே போனதன் பலன். இதைச் செய்தவர் அநேகமாக வண்டிக்காரரேதான்.

பாவம் கம்ப்ரஸர். கசிகிற காற்றை ஈடுகட்ட அடிக்கடி ஓடி, சூடேறி, கடைசியில் கருகிப் போகிறது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள். கசிவு அப்படியே இருக்க, அதற்கும் அதே கதி.

காற்றை நம்பி ஏமாந்தது இந்தத் தலைமுறை மட்டுமல்ல. விமானச் சக்கரக் கால்களுக்குப் பேர்போன பிரிட்டனின் டௌட்டி நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாந்தர், வெலோசெட், ஸ்காட் வண்டிகளுக்குக் காற்றும் எண்ணெயும் கொண்ட முன்ஃபோர்க்கைக் கொடுத்தது. இரும்பு ஸ்பிரிங் இல்லை. சீல் தேய்ந்து காற்று போனால் வண்டியின் முகம் கவிழ்ந்துவிடும்.

ஹார்லி கம்பெனியே டூரிங் வண்டிகளில் பல வருடம் காற்று ஷாக் வைத்து விற்றது. அதில் கொள்ளும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால் கைப்பம்பால்தான் ஏற்ற வேண்டும். டயருக்கு வைக்கும் சாதாரண மானியை அந்த வால்வில் வைத்து எடுத்தால், அந்த 'புஸ்' ஒன்றிலேயே சில பிஎஸ்ஐ போய்விடும். மாலையில் ஒரு தரம், காலையில் ஒரு தரம், சந்தேகம் தீரவில்லையென்று மத்தியானம் இன்னொரு தரம் அளப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் மானி குறைத்துத்தான் காட்டும். அவரோ வண்டியைச் சுற்றி மண்டியிட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.