திருப்பித் தர வேண்டாத பாத்திரம்

டர்பனுக்குப் போகும் தமிழர்கள் தவறாமல் இரண்டு படம் போடுகிறார்கள். ஒன்று கடற்கரை, இன்னொன்று பன்னி சௌ. யூடியூபில் சாப்பாட்டு வீடியோ போடுகிறவர் என்றால் ஆப்பிரிக்காவையே நம்ம ஊர்க் குழம்பு வென்றுவிட்டது என்கிற ரீதியில் தலைப்பும் இருக்கும். ஆய்வுக்காக அந்த நகரத்தில் எட்டு மாதம் தங்கி, பெரும்பாலும் கடைகளில் சாப்பிட்டு வந்தவன் நான். அந்தப் பெருமிதம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அக்காள்மடத்திலிருந்து போனில் பேசிய அம்மாவும் "பன்னியவா திங்குற?" என்றுதான் கேட்டார். இதில் பன்றி இல்லை. நீள ரொட்டியைக் காலாகவோ அரையாகவோ வெட்டி, நடுவே தோண்டி, அந்தக் குழிக்குள் ஆட்டுக்கறிக் குழம்போ கோழிக் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றுவார்கள். தோண்டியெடுத்த ரொட்டியே மேலே மூடி. கூடவே கேரட், வெங்காயம், பச்சை மிளகாய்த் துருவல். கரண்டி கிடையாது. ரொட்டிச் சுவரைப் பிய்த்துப் பிய்த்துத் தொட்டுத் தின்ன வேண்டும், அவசரப்பட்டால் அணை உடைந்துவிடும். உறைப்பில் எங்கள் கடற்கரைக் குழம்புக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல.

'பன்னி' என்பது 'பனியா' என்ற சொல்லின் மருவல் என்பதே பரவலான விளக்கம். கிரே தெருவில் (இன்றைய டாக்டர் யூசுப் டாடூ தெரு) கடை வைத்திருந்த வணிகர்களை அப்படி அழைத்தார்கள். உணவு எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோக வழி தேடியதில் பிறந்தது என்கிறார்கள். கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர்களுக்காகச் செய்தது என்றும் சொல்கிறார்கள். அதிகம் சொல்லப்படும் கதை இது: நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவர் இந்தியர் உணவகங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. காசை வாங்கிக்கொண்டு ரொட்டிக்குள் குழம்பை ஊற்றி வெளியே நீட்டினார்கள். 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம், பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைப்பதற்கு முழு உரிமையே கொடுத்தது. 1990 வரை அது நடப்பில் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது சிரட்டை. ரொட்டி என்பது திருப்பித் தர வேண்டாத பாத்திரம். வாங்கியவர் வாய் வைத்த தட்டு கடைக்குள் திரும்பி வராது, கழுவும் வேலையில்லை, தீட்டும் இல்லை. நம் டீக்கடைகளில் தலித்துகளுக்குச் சிரட்டையில் ஊற்றியதன் தர்க்கமும் இதுதான். உன் காசு உள்ளே வரலாம், உன் எச்சில் வரக்கூடாது. டர்பனில் அந்த ஏற்பாட்டைத் தின்னும்படி செய்தார்கள் என்பது ஒன்றே வித்தியாசம்.

நாங்களும் அங்கே ஒடுக்கப்பட்டவர்கள்தானே என்று டர்பன் இந்தியர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே அடுப்பும் ஒரே பந்தியுமாகப் போன அந்தப் பயணத்தில் சாதி கொஞ்சம் தளர்ந்தது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஆனால் தளர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. 1890களில் டர்பன் தபால் நிலையத்துக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும். காந்தியும் அவருடைய கூட்டாளிகளும் மனுப் போட்டார்கள். கிடைத்தது மூன்றாவது வாசல். கறுப்பினத்தவரோடு ஒரே வாசலில் நுழைவதுதான் அவர்களுக்கு அவமானமாக இருந்தது. மூன்றாவது வாசல் கேட்கும் இந்த மனதை நமக்கு நன்றாகத் தெரியும். இங்கே அதற்கு இடைநிலைச் சாதி என்று பெயர்.

இதெல்லாம் பழங்கதை இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

இப்போது வேலைக்கும் படிப்புக்கும் போகிற நம்மவர்களைச் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியம் கூடிச் சாப்பிடும் தமிழர் குழு ஒன்றில் நானும் இருந்தேன். எங்கே போகலாம் என்று முடிவெடுப்பதற்குள் பசி செத்துவிடும். ஒருவருக்குச் சுத்த சைவம் வேண்டும், இன்னொருவருக்கு மாட்டுக்கறி சமைக்காத அடுப்பு வேண்டும். ஒருநாள் சாப்பாடு எடுத்துவந்த ஆன்ட்டியின் சட்டையில் 'கவெண்டர்' என்ற பெயரைப் பார்த்ததும் ஒரு அண்ணன் முகம் மலர்ந்து, "நம்ம ஆளுங்க" என்றார். கவுண்டர் அங்கே கவெண்டர், முதலி அங்கே மூட்லி. அந்த ஆன்ட்டிக்கு அது வெறும் குடும்பப் பெயர். தமிழ் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார். நூற்றைம்பது வருடமாக அங்கே மங்கிக் கிடந்ததை இவர் விமானத்தில் வந்து இறங்கித் தூசி தட்டுகிறார்.

இன்னொரு நாள் அதே அண்ணனோடு கிரே தெருப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். நான்கு பெஞ்சு. உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பினத் தொழிலாளர்கள். அண்ணன் வாசலிலேயே நின்று, "இங்க வேணாம் தம்பி, பார்சல் வாங்கிட்டு ரூம்ல போய்ச் சாப்டுக்கலாம்" என்றார். பட்டப்பகல், தெரு நிறைய ஜனம். பாதுகாப்பு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரு காலத்தில் உள்ளே விடாமல் பொட்டலம் கொடுத்தோம். இன்று அவர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள், அதனால் நமக்குப் பொட்டலம் தேவைப்படுகிறது.

நான் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். பக்கத்திலிருந்தவர் ஓரம் நகர்ந்து இடம் கொடுத்தார், அவ்வளவுதான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வார்விக் சந்திப்பு. அங்கே பெண்கள் மாட்டுத்தலை வேகவைத்து விற்கிறார்கள். வெந்த கறியை உப்போடு ஒரே பலகையைச் சுற்றி நின்று தின்கிறார்கள். டர்பனில் சாப்பிட்டதிலேயே சிறந்தது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். எந்த யூடியூபரும் அதை நம்ம ஊருப் பெருமை என்று படம்பிடிக்கவில்லை.

என் ஊர்ப் பெயரிலேயே மடம் இருக்கிறது. பாம்பனில் யாத்ரீகர்களிடம் வரி வசூலித்ததற்காகச் சேதுபதி தன் மருமகனையே கொன்றார், அவனோடு உடன்கட்டை ஏறிய அக்கா தங்கை நினைவாக எழுந்தவைதான் அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்பது ஊரில் வழங்கும் கதை. ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கிச் செல்லும் இடங்கள் என்றும் சொல்வார்கள். மடங்களில் யாருக்கு இலை விழுந்தது, யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்று எந்தக் கதையும் சொல்வதில்லை. சுற்றிலும் மீன்பிடித்து வாழும் தீவு இது. ஆனால் ராமேஸ்வரம் கோயிலை ஒட்டிய தெருக்களில் எங்கே திரும்பினாலும் சைவ உணவகப் பலகைதான்.

சட்டத்தில் நாம் தென்னாப்பிரிக்காவை முந்திக்கொண்டவர்கள். அவர்கள் 1953இல் கதவை மூடினார்கள். நம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு 1950இலேயே கடைகளையும் உணவகங்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் 'பிராமணாள்' என்ற எழுத்தை ஓர் உணவகப் பலகையிலிருந்து அழிக்க 1957இல் பெரியார் திருவல்லிக்கேணியில் போராட வேண்டியிருந்தது. தீண்டாமைக்கு எதிராக நின்ற இம்மானுவேல் சேகரன் அதே 1957இல், செப்டம்பர் 11 அன்று, எங்கள் மாவட்டத்துப் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன புதுக்கோட்டை ஆட்சியர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்.

அங்கே வழக்காவது பதிவானது. பேப்பர் கப் வந்தபிறகு பல ஊர்களில் வழக்குப் போடவே வழியில்லை. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். வாசிக்கும் தோழர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யலாம். கண்ணாடி டம்ளரும் பேப்பர் கப்பும் சேர்ந்து இருக்கும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். யார் கேட்காமலேயே டம்ளர் வருகிறது, யார் கேட்காமலேயே கப் வருகிறது, கப் வாங்கியவர்கள் எங்கே போய் நின்று குடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கப் வாங்கிய ஒருவரோடு உள்ளே போய் இரண்டு பேருக்கும் டம்ளரில் டீ கேளுங்கள்.