நிலத்தடியில்தானே என்கிறார்கள்

பெங்களூரு லால்பாக் தோட்டம் 1760இல் ஹைதர் அலியால் தொடங்கப்பட்டு, திப்பு சுல்தானால் வளர்த்தெடுக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். தோட்டத்தினுள் எழுந்து நிற்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தோட்டத்தின் நிலத்தில் சுமார் 6 ஏக்கர், ஹெப்பால் – சில்க் போர்டு சுரங்கச் சாலையின் நுழைவாயிலுக்காக 2025இல் குறிவைக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே, மாற்று இடம் பரிசீலிக்கப்படும் என்ற பேச்சு கர்நாடக அரசிடமிருந்து வந்தது.

ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலைக்கான மதிப்பீடு 17,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. சுங்கம் செலுத்தும் கார்களுக்கான சாலை இது. இருசக்கர வாகனங்களுக்கு இதில் இடமில்லை. பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு இதனால் ஒரு நிமிடமும் மிச்சமாகப் போவதில்லை. அவரும் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காரக்கூடிய சில இடங்களுள் ஒன்றில்தான் இதற்கு வாயில் திறக்க முற்பட்டார்கள்.

“சாலை நிலத்தடியில்தானே போகிறது, பூங்காவுக்கு என்ன கேடு?” என்பது ஆட்சியாளர் தரப்பின் வாதம். இது புதிதன்று. லக்னோவின் அமீனாபாத்தில் உள்ள ஜண்டேவாலா பூங்கா, விடுதலைப் போராட்டக் காலத்தில் பொதுக்கூட்டங்கள் நடந்த இடம். கொடி ஏற்றியதால் பெற்ற பெயர் அது. 1993இல் அந்நகர மாநகராட்சி, ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே, அப்பூங்காவின் அடியில் வணிக வளாகம் கட்டும் உரிமையைத் தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. கடைகளை ஒதுக்கும் அதிகாரமும் அந்நிறுவனத்திடமே போயிற்று. மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்று அன்றும் சொன்னார்கள். கான்கிரீட் தளத்தின் மேல் பரப்பிய மண்ணில் புல் வளரும், குரோட்டன்ஸ் வளரும். வேம்பும் அரசும் வேரிறக்க முடியுமா? உயர்நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் 1999 ஜூலையில் உச்சநீதிமன்றம், கட்டடத்தை இடித்து அகற்றிப் பூங்காவை மீட்டமைக்க ஆணையிட்டது. கட்டி முடித்துவிட்டோம், பணம் செலவாகிவிட்டது என்ற முறையீடு எடுபடவில்லை.

அதற்கு எட்டாண்டுகள் முன்னரே பெங்களூரிலிருந்து ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றிருந்தது. ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையை, 1976இல் முதலமைச்சர் மட்டத்திலிருந்து வந்த உத்தரவின் பேரில், மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனையும் மக்களுக்கானதுதானே என்ற வாதத்தை 1991இல் நீதிபதிகள் தொம்மனும் சஹாயும் ஏற்கவில்லை. பூங்கா எல்லோருக்கும் உரியது. தனியார் மருத்துவமனை கட்டணம் கொடுப்பவர்க்கு உரியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வழக்காடும் உரிமை அப்பகுதி மக்களுக்கு உண்டு என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது.

ஆயினும் நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை மும்பை காட்டியது. ஆரேயில் மெட்ரோ பணிமனைக்கு எதிரான மனுக்களை 2019 அக்டோபர் 4 அன்று உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே ரம்பங்கள் இறங்கின. உச்சநீதிமன்றம் அக்டோபர் 7இல் தலையிட்டபோது 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்திருந்தன; தடுக்கச் சென்றவர்கள் கைது செய்யப்பட்டிருந்தார்கள். அப்போது மகாராஷ்டிரத்தை ஆண்டது பாஜக தலைமையிலான அரசு. லால்பாக்கின் காவலராக இன்று பெங்களூரில் முழங்கும் அதே கட்சிதான்! காங்கிரஸ் ஆளும் இடத்தில் பாஜகவுக்கு மரம் தெரிகிறது. தான் ஆளும் இடத்தில் மனை விலை மட்டுமே தெரிகிறது.

பூங்காவைக் காப்போம் என்று எழும் குரல்கள் அனைத்தும் உழைப்பாளரின் குரல்கள் அல்ல என்பதையும் தோழர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் பலவற்றின் பார்வையில் பூங்கா என்பது காலை நடைக்கான இடம். கடலை விற்பவரும், மதிய வேளையில் மரத்தடியில் தலைசாய்க்கும் கட்டடத் தொழிலாளியும் அதற்கு இடைஞ்சல். சுற்றுச்சுவர், நுழைவுக் கட்டணம், நண்பகலில் பூட்டு ஆகியவையும் பொது நிலத்தைப் பறிக்கும் வழிகளே. அங்கே மரம் மிஞ்சும், பொது மிஞ்சாது. ‘மன்றம்’ என்ற சொல் பண்டைத் தமிழில் ஊரார் மரநிழலில் கூடும் பொதுவிடத்தைக் குறித்தது. கூடும் உரிமையை நீக்கிவிட்டு நிழலை மட்டும் விட்டுவைப்பதை அச்சொல் ஏற்காது. பெங்களூரில் ஆர்ப்பாட்டங்களுக்கென இன்று விடப்பட்டிருப்பது பழைய மத்தியச் சிறை வளாகமான சுதந்திரப் பூங்கா ஒன்றே.

ஆகவே நகரங்களில் உள்ள கட்சிக் கிளைகளும் தொழிற்சங்கங்களும் இப்பிரச்சனையை நடைப்பயிற்சியாளர்களிடம் விட்டுவிட முடியாது. வார்டுதோறும் வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று குறிக்கப்பட்ட மனைகள் எவை, அவற்றில் இன்று நிற்பது என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி கேட்டுப் பெறலாம். அந்தப் பட்டியல் முதலில் போக வேண்டியது குடிசைப் பகுதிகளுக்கு. அடுக்குமாடியில் இருப்பவருக்குப் பால்கனி உண்டு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு விளையாட அந்த மனை ஒன்றுதான் உண்டு.