கார்த்திகைக் கூட்டத்தின் ஒளி

மார்கழி அமாவாசை இரவில், மின்விளக்குகளின் உபத்திரவம் எட்டாத ஜவ்வாது மலையின் காவலூர்ப் பக்கத்தில் நின்று, உச்சிவானில் சிறு கொத்தாகத் துலங்கும் கார்த்திகை நக்ஷத்திரங்களை அண்ணாந்து நோக்குகிறவர், ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன், மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்த காலத்தில் புறப்பட்ட ஒளியையே தம் கண்ணில் ஏற்றுக்கொள்கிறார். சாதாரணப் பார்வைக்கு அவற்றுள் ஆறுதான் தென்படும். கூர்ந்த கண்ணுக்கு இன்னும் ஒன்றிரண்டு அகப்படலாம். நம் உதிரத்தில் ஓடும் இரும்பும், எலும்பில் உறைந்த சுண்ணாம்புச் சத்தும், சூரியன் ஜனிப்பதற்கு முன்பே மடிந்துபோன தாரகைகளின் உலையில் விளைந்தவை என்று விஞ்ஞானிகள் ஸ்தாபித்துவிட்ட பிறகு, அந்த ஆகாசத்தை அந்நியமென்று கருத என் மனம் ஒப்பவில்லை. பெற்றோர்களே, அமாவாசையன்று அரைமணி நேரமாவது மாடி விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளுக்கு அந்தக் கொத்தைக் காட்டுங்கள்.